அட்டை கேட்காத கேள்வி

கர்ப்பம் பதிவானதும் கிராம சுகாதார செவிலியர் தரும் தாய்-சேய் நல அட்டையை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் என்று எண்களை நிரப்பும் தாள் அது. ஆனால் நிறைமாதப் பெண்ணிடம் அரசு நேரடியாகப் பேசும் எழுத்தும் அதுதான். அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று நாம் கேட்க வேண்டும்.

ஆபத்து அறிகுறிகளை அட்டை சரியாகவே சொல்கிறது. உதிரப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்குதல், திடீர் வீக்கம், குழந்தையின் அசைவு குறைதல், வலி எடுக்காமலே பனிக்குடம் உடைதல். இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ‘போக வேண்டும்’ என்ற இரண்டு சொற்களில் அட்டை முடித்துக்கொள்கிறது. பெண்ணுக்குச் சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பிரசவத்தில் பெண்கள் ஏன் சாகிறார்கள் என்பதை ஆராய்ந்த செரின் தாடியஸ், டெபோரா மெய்ன் இருவரும் 1994இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். கிளம்ப முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தமிழ்நாடு பின்னிரண்டிலும் நிறைய உழைத்திருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் வந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. எண்ண முடிந்ததை அரசு எண்ணிவிட்டது. முதல் தாமதம் வீட்டுக்குள் நடப்பது. அதற்கு அட்டையில் கட்டம் இல்லை.

மீமிசலை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஆவுடையார்கோவில் தாண்டி அறந்தாங்கி, அதற்கும் அப்பால் புதுக்கோட்டை. கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகள் இந்தக் கரையில் நிறைய. இரவு பதினொரு மணிக்குக் குழந்தை அசையவில்லை என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றினால், மாமியாரை எழுப்ப வேண்டும், அவர் மகனுக்குப் போன் போட வேண்டும், கொழுந்தன் வண்டிக்குச் சொல்ல வேண்டும். உடம்பு அவளுடையது, கிளம்பும் உத்தரவு மூன்று பேரைக் கடந்து வருகிறது.

இந்த இடத்தில் ‘சூட்டு வலி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கடைசி வாரங்களில் வயிறு இறுகித் தளர்வதைப் பிரசவ வலியிலிருந்து பிரித்தறிய நம் பெண்கள் வைத்திருக்கும் சொல் அது. சீரகக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி. ஓய்வெடுத்தும் அடங்காமல், சீரான இடைவெளியில் வந்து, வரவர நெருங்கி வலுப்பதே பிரசவ வலி என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. ஆனால் இதே சொல் வாயடைக்கவும் பயன்படுகிறது. “சூட்டு வலியாத்தான் இருக்கும், காலையில பாப்போம்” என்றால் பேச்சு முடிந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளுக்குக் கேட்க ஓர் அம்மா இருக்கிறாள். இரண்டாவது பிரசவம் புகுந்த வீட்டில் என்றால், “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்று வேலையும் குறைவதில்லை, காதும் கிடைப்பதில்லை.

அட்டையில் எழுதும் தேதியும் இப்படித்தான் அதிகாரமாகிறது. 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரத்துக்குள் எப்போதும் குழந்தை பிறக்கலாம். குறித்த நாளிலேயே பிறப்பவை இருபதில் ஒன்று அளவுதான். இதைச் சொல்லித் தராததால் அந்த நாள் கடந்ததும் வீடு பதறுகிறது. சில வீடுகள் நல்ல நேரம் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்கின்றன. அதே ஆய்வில் தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 63.8. இதில் உயிர்காத்தவை பல உண்டு. ஆனால் அவளைக் கேட்டு எடுத்த முடிவுகள் எத்தனை என்பதை அந்த எண்கள் சொல்லாது.

அறிகுறிகளை அறிந்தவளுக்குக் கிளம்பும் உரிமை இல்லையென்றால், அந்த அறிவு அவள் மேல் பழியாகத்தான் திரும்பும்: “தெரிஞ்சும் ஏன் சொல்லல?” எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே, வீட்டார் முன்னிலையில், செவிலியர் ஒரு கேள்வி கேட்கலாம். ராத்திரியில் இவளுக்கு ஏதாவது என்றால் யாரையும் கேட்காமல் இவளே 108ஐ அழைக்கலாமா? பதிலை அட்டையிலேயே எழுதி, வீட்டாரிடம் கையெழுத்தும் வாங்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ நிதியோ வேண்டாம். இரத்த அழுத்தக் கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் போதும்.