255 லிட்டர் பம்பும் 50 குதிரை அம்பாசிடரும்

பழைய காரை மாற்றிக் கட்டுகிறவர்கள் பெட்ரோல் பம்பைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. "எந்த பம்ப் போடலாம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பதில் சொல்கிறவர்களும், வீடியோ போடுகிறவர்களும், பட்டறை வாசலில் நிற்கிறவர்களும், உடனே ஒரு பம்பின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். இந்த இன்ஜினுக்கு எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று திருப்பிக் கேட்கிற ஆள் அபூர்வம். கடந்த சில மாதங்களாக இந்த அறிவுரைகளை வரிசையாகக் கேட்டும் பார்த்தும் குறித்துக்கொண்டு வந்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இந்த விமர்சனம்.

(நம்மூரில் பெட்ரோல் போடும் இடத்துக்கு 'பங்க்' என்று பெயர் இருப்பதால் 'பம்ப்' என்ற சொல் காருக்குள் இருக்கும் சாமானுக்கே மிஞ்சியது. வடக்கே இதே பேச்சைப் பேசினால் குழப்பம்தான்.)

எடுத்துக்காட்டுக்கு 1489 சி.சி. இன்ஜின் போட்ட பழைய அம்பாசிடரையே வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 50 குதிரைத்திறன். பெட்ரோல் இன்ஜினுக்குப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு: முழு ஆக்சிலேட்டரில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.23 கிலோ பெட்ரோல். 50 குதிரைக்கு 11 கிலோ சொச்சம், அதாவது மணிக்கு 15 லிட்டர். அவ்வளவுதான். மேடு ஏறும்போதும் முழு வேகத்திலும் இதற்கு மேல் அது குடிக்கவே முடியாது.

இப்போது வீடியோக்களில் சிபாரிசு செய்யப்படும் பம்பைப் பாருங்கள். பெட்டி மேலேயே 'மணிக்கு 255 லிட்டர்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். 15 லிட்டர் கேட்கிற இன்ஜினுக்கு 255. "அதிகமா இருந்தா நல்லதுதானே சார்?" என்பது இதற்கு வழக்கமான சமாதானம். நல்லது இல்லை. மிச்சம் 240 லிட்டர் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். டேங்க் 50 லிட்டர் என்றால், அதிலிருக்கும் பெட்ரோல் மொத்தமும் மணிக்கு ஐந்து தடவை இன்ஜின் சூட்டில் குளித்துவிட்டு வருகிறது. சித்திரை வெயிலில் டேங்க் நேரம் ஆக ஆகக் கொதிநிலையை நோக்கிப் போகும். இதில் இன்னொரு வேடிக்கை, அந்த 255 என்பதும் நிலையான எண் இல்லை. அழுத்தம் கூடினால் பாய்ச்சல் குறையும். பேட்டரியிலிருந்து வரும் பழைய ஒயர் 13.5 வோல்ட்டுக்குப் பதில் 11 வோல்ட் கொடுத்தால் இன்னும் குறையும். எந்த அழுத்தத்தில், எந்த வோல்ட்டில் என்ற இரண்டையும் சொல்லாத லிட்டர் கணக்கு விளம்பரம், தகவல் அல்ல.

அழுத்தம் பற்றிய பேச்சு இன்னும் மோசம். கார்புரேட்டருக்கு வேண்டியது 3 பி.எஸ்.ஐ. போலத்தான். ஃப்ளோட் மிதந்து மேலே வந்து, ஒரு சின்ன நீடிலை அழுத்தி, பெட்ரோல் வரும் துளையை மூடுகிறது. பித்தளை மிதவையின் பலம் எவ்வளவு இருக்கும்? இன்ஜெக்‌ஷன் காருக்கான பம்ப் தருவது 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. அதை நேராக கார்புரேட்டருக்குக் கொடுத்தால் நீடில் மூடவே மூடாது. பெட்ரோல் வழியும். அம்பாசிடரின் அந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், மேலும் கீழுமாக இருக்கின்றன. வழிகிற பெட்ரோல் எங்கே சொட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "ரெகுலேட்டர் போட்டுக்கலாம்" என்கிறார்கள். போடலாம். ஆனால் 43-ஐ 3 ஆக்குவதற்கு ஒரு சாமானை நம்புவதைவிட, முதலிலேயே 3 தருகிற பம்பை வாங்குவது புத்திசாலித்தனம். விலையும் குறைவு.

சரி, அப்படியானால் எதற்காக மின்சார பம்புக்குப் போகிறார்கள்? பெரும்பாலும் வேப்பர் லாக். வெயிலில் வண்டி நின்றுவிட, டிரைவர் பானட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணி போடும் காட்சியை ஒரு தலைமுறையே பார்த்திருக்கிறது. அந்தத் துணியைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது சரியான இயற்பியல். மெக்கானிக்கல் பம்ப் சூடான இன்ஜினோடு முடுக்கப்பட்டு, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே பெட்ரோல் ஆவியாகும். டயஃப்ரம் ஆவியை அழுத்திக்கொண்டு சும்மா ஆடும். துணி அந்த இடத்தைக் குளிர வைக்கிறது. பம்பை டேங்க் பக்கத்தில், டேங்கின் மட்டத்துக்குக் கீழே வைத்துத் தள்ளச் செய்தால் லைன் முழுக்க அழுத்தம் இருக்கும், ஆவியாவது குறையும். இதுவரை இணையம் சொல்வது சரி.

சொல்லாமல் விடுவது என்னவென்றால், எல்லாச் சூட்டுக் கோளாறும் வேப்பர் லாக் இல்லை. ஓடிவந்து நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆகாமல், பெட்ரோல் வாடை அடித்தால், கொதித்தது கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் இருந்த பெட்ரோல். அதற்குப் புது பம்ப் ஒன்றும் செய்யாது. கார்புரேட்டருக்கு அடியில் சூடு தாங்கும் தடுப்பு வேண்டும்.

அடுத்தது, யாருமே பாராட்டாத ஒரு குணம் பழைய பம்புக்கு உண்டு. இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். கேம் சுற்றினால்தான் அது ஆடும். சாவி ஆன் ஆனவுடன் ஓடுகிற மாதிரி மின்சார பம்பை ஒயர் செய்தால், விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும், லைன் அறுந்த பிறகும், அது பாட்டுக்கு பெட்ரோலைத் தரையில் ஊற்றிக்கொண்டிருக்கும். கம்பெனி இன்ஜெக்‌ஷன் காரில் சாவி போட்டதும் பம்ப் ஓரிரு விநாடி ஓடி நின்றுவிடும். இன்ஜின் சுற்றுவது தெரிந்தால்தான் மறுபடி ஓடும். கார்புரேட்டர் வண்டியில் அதே வேலைக்கு ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக ஒரு ரிலேயும், மோதலில் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் போதும். நான் பார்த்த பொருத்தும் வீடியோக்களில் பாதிக்கு மேல் இந்தப் பேச்சே இல்லை. பம்ப் உறுமும் சத்தத்தை மட்டும் மைக் வைத்துக் கேட்கவைக்கிறார்கள்.

பழைய பம்பை "இருக்கட்டும், ஸ்பேர்" என்று லைனிலேயே விட்டுவிட்டு, பின்னால் மின்சார பம்பைச் சேர்ப்பதும் நடக்கிறது. பழைய டயஃப்ரம் கிழிந்தால் புது பம்ப் தள்ளும் பெட்ரோல் நேராக ஆயில் சம்புக்குள் போகும். ஆயில் தண்ணியாகி பேரிங் போகும். கழற்றிவிட்டு அந்தத் துளையைத் தகடு வைத்து மூட வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் இன்ஜினையே இறக்குகிறவர்களுக்கு விஷயம் வேறு. கார்புரேட்டர் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் சேமிப்பாக இருக்கும். இன்ஜெக்டருக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. தடுப்பில்லாத பழைய டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது ஒரு வளைவில் திரும்பினால், பம்ப் ஒரு வாய் காற்றை விழுங்கும், இன்ஜின் அந்தக் கணமே ஏங்கும். டர்போ இருந்தால் அந்த ஏக்கம் பிஸ்டனில் ஓட்டை. அதனால் ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் இடைத்தொட்டி வைத்து, சின்ன பம்ப் அதை நிரப்ப, பெரிய பம்ப் அதிலிருந்து எடுப்பதுதான் முறை. இங்கேதான் பெரிய பம்புக்கு நியாயம் இருக்கிறது.

பழைய ஒர்க்‌ஷாப் மேனுவல்கள் எழுதப்பட்ட விதம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். வறண்ட நடைதான். ஆனால் எந்த பம்ப் நல்லது என்று பேசாமல், என்ன அழுத்தம், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பெட்ரோல், அதை எப்படி அளப்பது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அளக்கிற முறையும் எளிது. திறந்த வெளியில், பக்கத்தில் தீயணைப்பானோடு, கார்புரேட்டருக்குப் போகும் லைனைக் கழற்றி ஒரு அளவு ஜாடியில் விட்டு, மின்சார பம்பை மட்டும் 30 விநாடி ஓட்டிப் பாருங்கள். கால் லிட்டர் வந்தால் மணிக்கு 30 லிட்டர். நம் அம்பாசிடருக்கு அதுவே இரட்டிப்பு. எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஏழெட்டு சதவீதம் கூடுதலாக வேண்டும் என்று சேர்த்துக்கொண்டாலும் தாராளம். எத்தனால் அதிகம் தொந்தரவு செய்வது அளவை அல்ல, ரப்பரை. பழைய ஹோஸ் உப்பி, வெடித்து, கசியும். பெரிய பம்புக்கு ஒதுக்கி வைத்த காசில் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனால் தாங்கும் ஹோஸும் புது கிளிப்பும் மாற்றிவிடலாம், ரிலேக்கும் மிஞ்சும்.