தலைக்கு ஒரு மொழி

இருமொழிக் குழந்தை வளர்ப்பு என்றாலே 'அப்பாவுக்கு ஒரு மொழி, அம்மாவுக்கு ஒரு மொழி' சூத்திரத்தைத்தான் நீட்டுகிறார்கள். இதைப் பிரபலமாக்கியது ழூல் ரொன்ஜாவின் 1913 புத்தகம். மகன் லூயிக்கு அப்பாவிடம் பிரெஞ்சு, அம்மாவிடம் ஜெர்மன். நுணுக்கமான பதிவுதான், மறுக்கலை. ஆனா ஒரே பையன், அதுவும் மொழியியலாளர் வீட்டுப் பையன்! (எங்க தொழில்ல இதை டெமோன்னு சொல்வோம்.)

2007-ல் அனிக் டி ஹவர், பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களை ஆராய்ந்தார். இந்தச் சூத்திரப்படி நடந்த வீடுகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றில், வெளியே புழங்காத மொழியைப் பிள்ளைகள் பேசவேயில்லை. இருவருமே வீட்டில் அந்த மொழியை மட்டும் பேசினால் கிட்டத்தட்ட எல்லோரும் பேசினார்கள்.

தெருவையும் பள்ளியையும் சூத்திரம் கணக்கிலேயே எடுக்கலை. எங்க வீடு புணேயில். மனைவி மராத்தி, ஊரும் மராத்தி. மகளோட தமிழுக்கு நான் ஒருத்தன்தான், அதுவும் ஆபீஸ் விட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல.