இத்தாலிய மரியாதை ஏவலில் பெயரின் இடம்

இத்தாலிய மொழியில் ஒருவரை ‘தூ’ என ஒருமையில் விளித்து ஏவும்போது, ‘மி’ (என்னை, எனக்கு) போன்ற செயப்படுபொருட் குறும்பெயர்கள் வினையின் பின்னே ஒட்டி, ‘திம்மி’ (எனக்குச் சொல்) என ஒரே சொல்லாகின்றன. ‘லெயி’ என மரியாதையாக விளிக்கும்போதோ அவை பிரிந்து முன்னே சென்று, ‘மி தீகா’ (எனக்குச் சொல்லுங்கள்) என நிற்கின்றன. இவற்றைத் தொடர்பற்ற இரண்டு விதிகளாக்கி மாணவரின் மனப்பாடத்துக்கு விட்டுவிடும் பயிற்றுமுறை, இவ்வழக்கின் அழகையே மறைத்துவிடுகிறது.

‘லெயி’ என்பது அடிப்படையில் ‘அவள்’ என்னும் படர்க்கைப் பெயர். பெரியோரை நேரே சுட்டாமல் அவர்தம் மாண்பைக் குறிக்கும் பெண்பாற் பட்டப்பெயரால் விளித்த பழைய மரபிலிருந்து அது வந்தது. அதனோடு சேரும் வினையும் உண்மையான ஏவல் அன்று. விருப்பத்தையும் ஐயத்தையும் உணர்த்தும் ‘கொஞ்சுந்தீவோ’ என்னும் வினைவடிவமே ஏவலுக்கு ஆளப்படுகிறது. தமிழ் இலக்கணத்தின் வியங்கோளுக்கு இது மிக நெருக்கமானது. இடமும் காலமும் காட்டும் வினைக்கு முன்னே குறும்பெயர் நிற்பது இன்றைய இத்தாலியத்தின் பொது ஒழுங்காதலால், ‘மி தீகா’ விதிவிலக்கே அன்று. விலகி நிற்பது ‘திம்மி’தான். எதிர்மறையிலும் இவ்வொழுங்கு குலைவதில்லை: ஒருமையில் ‘நொன் தீர்மி’, ‘நொன் மி தீரே’ என இருவகையும் வழங்க, மரியாதை வழக்கில் ‘நொன் மி தீகா’ ஒன்றே உண்டு.

குறை வேறிடத்தில் உள்ளது. ‘மி அஸ்பெத்தி’ என்னும் தொடர் ‘எனக்காகக் காத்திருங்கள்’ என்றும், ‘நீ எனக்காகக் காத்திருக்கிறாய்’ என்றும் பொருள்படும். ஒருமை ஏவலான ‘அஸ்பெத்தாமி’யில் இந்த மயக்கம் இல்லை. பேச்சில் குரலேற்றம் பொருளைத் தெளிவாக்கும். எழுத்திலோ நிறுத்தக்குறியும் சூழலும்தான் துணை. மரியாதைக்காகப் படர்க்கையை நாடிய மொழி, முன்னிலையின் தெளிவில் ஒரு பகுதியை இழந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

1938இல் ஃபாசிச ஆட்சி ‘லெயி’யை விலக்கி ‘வொயி’ என்னும் முன்னிலைப் பன்மையைத் திணித்தபோது, குறும்பெயரும் இடம் மாறி, ‘தீத்தெமி’ என வினையின் பின்னே ஒட்டவேண்டியதாயிற்று. மயக்கம் குறைந்த வடிவமாயினும், ஆணையால் வந்ததை மக்கள் பொதுவழக்காக ஏற்கவில்லை. ஆட்சி வீழ்ந்ததும் ‘மி தீகா’ மீண்டது. தென்னித்தாலியில் மூத்தோரை ‘வொயி’ என விளிக்கும் வழக்கு அந்த ஆணைக்கும் முற்பட்டது. அங்கே ‘தீத்தெமி’ எவரும் திணிக்காமலே இன்றும் வழங்குகிறது.