விருப்பப் பட்டியலில் யாருடைய விருப்பம்?

“சித்தி, மூணு டீம் பேரு வரிசையா எழுதித் தரச் சொல்றாங்க. எதை மொதல்ல போடட்டும்?”

நியூயார்க்கில் படிக்கும் என் அக்கா மகள் ஒரு மார்ச் மாத இரவில் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. அங்குள்ள ஒரு முதலீட்டு வங்கியில் அவளுக்குக் கோடைக்கால இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தது. 10 வார வேலை. எந்த டீமில் உட்காரப் போகிறாள் என்பது மட்டும் முடிவாகவில்லை. இலக்கியம் கற்பிக்கும் எனக்கு வங்கிகளைப் பற்றி என்ன தெரியும்? தெரியாத ஒன்றைப் பற்றிக் கேட்டால் புத்தகத்தைத் திறப்பதுதான் என் வழக்கம். மூன்று புத்தகங்களையும் ஒரு தொலைக்காட்சித் தொடரையும் அவளுடைய கேள்வியை வைத்துக்கொண்டு வாசித்தேன். அந்த வாசிப்பே இந்தக் கட்டுரை.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். சில வங்கிகள் நேர்காணலின்போதே குறிப்பிட்ட டீமுக்கென்று ஆள் எடுத்துவிடுகின்றன. வேறு சில, எல்லோரையும் பொதுவாக எடுத்துக்கொண்டு, கோடை தொடங்குவதற்கு முன் விருப்பப் பட்டியல் கேட்கின்றன. நிறுவனங்களை இணைப்பதும் வாங்கி விற்பதும் ஒரு டீம். பெருங்கடன் திரட்டித் தருவது இன்னொன்று. தொழில்நுட்பம், மருத்துவம், நுகர்பொருள் என்று துறைவாரியாகவும் டீம்கள் உண்டு. மாணவர்கள் டீம்களை வரிசைப்படுத்துவார்கள். டீம்களும் மாணவர்களை வரிசைப்படுத்தும். இரண்டையும் பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்குவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு டீம், தான் பார்த்தே இராத மாணவியை எதை வைத்து வரிசைப்படுத்தும்? படிவம் வருவதற்கு முந்தைய வாரங்களில் நடக்கும் தொலைபேசிப் பேச்சுகளையும் காபிச் சந்திப்புகளையும் வைத்துத்தான்.

என் அக்கா மகளுக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் நல்லவர், பொறுமையாகப் பேசினார். “நீ எல்லோரோடும் இதமாகப் பழகுகிறாய், நுகர்பொருள் டீம் உனக்குப் பொருத்தமாக இருக்கும்” என்றார். அதே வங்கிக்குத் தேர்வான அவள் வகுப்புப் பையன்கள் இருவருக்கு, கல்லூரி முதலீட்டு மன்றத்துச் சீனியர் வழியாக, இணைப்பு டீமின் மூத்தவர்களோடு முன்பே பழக்கம் ஏற்பட்டிருந்தது. யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. யாரும் தவறாக ஒரு சொல் பேசவில்லை. படிவம் கைக்கு வரும்போது அவளுக்கு ஒரு ‘பொருத்தம்’ மட்டும் தயாராக இருந்தது.

இந்தப் ‘பொருத்தம்’ என்ற சொல்லைக் கூர்ந்து பார்த்தவர் சமூகவியலாளர் லாரன் ரிவேரா. 2015-இல் வெளிவந்த அவருடைய ‘பெடிகிரீ’ முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் பெரும் சட்ட நிறுவனங்களும் ஆள் எடுக்கும் விதத்தை ஆராய்கிறது. நேர்காணல் செய்பவர்கள் தங்களைப் போன்றவர்களைத் தேடுகிறார்கள் என்கிறார் ரிவேரா. அதே விளையாட்டு, அதே பயண அனுபவம், அதே பேச்சுத் தோரணை. விமான நிலையத்தில் ஓர் இரவு மாட்டிக்கொண்டால் இவரோடு பொழுது போகுமா என்பதுகூட அங்கே ஓர் அளவுகோல். பெண் பார்க்கும் படலத்தில் ‘நம்ம குடும்பத்துக்குச் சரிப்பட்டு வருவாளா’ என்று கேட்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அளவுகோல் புதிதல்ல. ஆனால் வேலைக்கான ஓலை கையில் கிடைப்பதோடு ரிவேராவின் ஆய்வு முடிந்துவிடுகிறது. வாசல் தாண்டிய பிறகு எந்த அறை என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

லூயிஸ் மேரி ரோத்தின் ‘செல்லிங் விமன் ஷார்ட்’ 2006-இல் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் மேலாண்மைப் பட்டம் பெற்று வால் ஸ்ட்ரீட்டுக்கு வந்த ஆண்களையும் பெண்களையும் அவர் பேட்டி கண்டிருக்கிறார். தகுதி ஏறக்குறைய ஒன்றுதான். சில ஆண்டுகளில் வருமானம் வெகுதூரம் விலகிவிடுகிறது. அங்கே வருமானத்தின் பெரும்பகுதி போனஸ். போனஸ், டீம் ஈட்டும் பணத்தையும் எந்த வாடிக்கையாளர் யார் கைக்கு வருகிறார் என்பதையும் பொறுத்தது. அதிகப் பணம் புழங்கும் இடங்களில் பெண்கள் குறைவு. சக ஊழியர்களும் மேலாளர்களும் வாடிக்கையாளர்களும் தங்களைப் போன்றவர்களையே விரும்புகிறார்கள் என்பது ரோத் தரும் முக்கியமான விளக்கம். என்னை யோசிக்க வைத்த புத்தகம் இதுதான். சம்பளச் சீட்டில் தெரியும் வித்தியாசத்தின் வேர் சம்பளம் நிர்ணயிக்கும் மேசையில் மட்டும் இல்லை, இருக்கை ஒதுக்கும் மேசையிலும் இருக்கிறது. ஆனால் ரோத் பார்ப்பது பல ஆண்டு வேலை செய்தவர்களை. 20 வயதுப் பெண்ணின் கையில் இருக்கும் படிவம் அவர் கண்ணில் படவில்லை.

இந்த இரண்டு புத்தகங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் என் அக்கா மகள் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த இடைவெளியை ஓரளவு காட்டுவது ‘இண்டஸ்ட்ரி’ தொடர். முன்பு வங்கியில் வேலை பார்த்த மிக்கி டவுன், கொன்ராட் கே இருவரும் உருவாக்கி 2020-இல் ஒளிபரப்பானது. லண்டனில் ஒரு கற்பனை வங்கிக்கு வரும் புதிய பட்டதாரிகளின் கதை. இவர்கள் இன்டர்ன்கள் அல்லர் என்றாலும், பரிசோதனைக் காலத்தில் இருப்பவர்கள். பல மொழி தெரிந்த, பணக்கார வீட்டுப் பெண்ணான யாஸ்மின் அந்நியச் செலாவணி டீமில் உட்காருகிறாள். அங்கே அவளுக்குக் கிடைப்பது டீமுக்குச் சாப்பாடு வாங்கி வரும் வேலை. ஹார்ப்பர் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு வேறொரு டீமில் ஒரு மேலதிகாரி வாய்க்கிறார். அவர் கைதூக்கியும் விடுகிறார், நசுக்கவும் செய்கிறார். ஒரே கட்டடத்தில், ஒரே மாதத்தில் சேர்ந்த இருவரின் தலைவிதி நாற்காலியால் பிரிகிறது. தொடரின் பலம் இது. பலவீனமும் உண்டு. நாற்காலியை யார் போட்டது என்று அது கேட்பதில்லை. கெட்ட மேலதிகாரி ஒருவரைக் காட்டி நம் கோபத்தை அவர் மேல் திருப்பிவிடுகிறது. என் அக்கா மகளின் கதையில் கெட்டவர் யாருமே இல்லையே.

கெட்டவர் இல்லாத இடத்தில் வழக்குப் போடுவது கடினம். பெண் ஊழியர்கள் தொடர்பான பாகுபாட்டு வழக்கில் மார்கன் ஸ்டான்லி 2004-இல் 5.4 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. 2010-இல் தொடுக்கப்பட்ட வழக்கில் கோல்ட்மேன் சாக்ஸ் 2023-இல் சுமார் 2,800 பெண்களுக்காக 21.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சம்பளமும் பதவி உயர்வும் பதிவேட்டில் இருப்பவை, அவற்றை ஒப்பிட்டுக் காட்டலாம். காபி குடித்தபடி சொன்ன ‘உனக்குப் பொருத்தமாக இருக்கும்’ எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அதைக் கேட்டு அந்தப் பெண்ணே தன் கையால் எழுதித் தந்த பட்டியல்தான் ஆவணமாக மிஞ்சும். நாளை யாராவது கேட்டால், “அவள்தானே கேட்டாள்” என்று அதையே எடுத்துக் காட்டலாம்.

இங்கே என்னையே நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் இணைப்பு டீமுக்குப் போய்விட்டால் அது பெண்ணியத்தின் வெற்றியா? மானுடவியலாளர் கேரன் ஹோவின் ‘லிக்விடேட்டட்’ (2009) இந்த இடத்தில் என்னை நிறுத்தியது. வால் ஸ்ட்ரீட் வங்கியொன்றில் தானே வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டவர் அவர். பங்குதாரர் லாபம் என்ற பெயரில் வங்கியாளர்கள் முன்னின்று நடத்தும் இணைப்புகள் மற்ற நிறுவனங்களின் தொழிலாளர்களை எப்படித் தெருவுக்குத் தள்ளுகின்றன என்று எழுதுகிறார். கணக்கும் பதிவும் பார்க்கும் பின்கட்டு ஊழியர்களை முன்கட்டு வங்கியாளர்கள் எவ்வளவு கீழாகப் பார்க்கிறார்கள் என்பதையும் காட்டுகிறார். ஆக, மேலே இருக்கும் நாற்காலியில் ஒரு பெண் உட்காருவதால் அந்த நாற்காலி செய்யும் வேலை மாறிவிடாது. இதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். “சித்தி, அது சரி. ஆனா அந்தப் பசங்ககிட்ட யாரும் இதைக் கேக்கலையே?” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். உலகைத் திருத்தும் பொறுப்பைச் சேர்த்துச் சுமத்திய பிறகே பெண்ணுக்கு நாற்காலி என்பதும் பழைய அநீதியின் இன்னொரு வடிவம். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் அவளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். அடுத்த அழைப்பில், உங்கள் டீமுக்குப் போன வருடம் வந்த பெண்களில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கிடைத்தது என்று நேராகக் கேள். எந்த டீமுக்குப் போனாலும், தினமும் உனக்கு என்ன வேலை தந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. டீமுக்குள் போன பிறகும் ஒதுக்கீடு முடிவதில்லை. எந்த வேலை யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க அங்கேயும் ஒருவர் இருக்கிறார்.

அவள் இணைப்பு டீமை முதலில் எழுதினாள். கிடைத்தது நுகர்பொருள் டீம். நான்காவது வாரம் பேசும்போது நோட்டைப் படித்துக் காட்டினாள். கூட்டக் குறிப்பு எடுத்தது 9 முறை. இரவுச் சாப்பாடு ஆர்டர் செய்தது 6 முறை. எக்செல் மாடல் போட்டது 2 முறை.

“பக்கத்து சீட்டுப் பையனுக்கு?” என்று கேட்டேன்.

“அதையும் எழுதிட்டுதான் இருக்கேன், சித்தி” என்றாள்.