உடையும் உள்ளமும்

மாணவர் பேச்சுரிமை பற்றி எழுந்த புகழ்பெற்ற வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். அவற்றுட் பல வாய்ப்பேச்சைப் பற்றியன அல்ல, துணியைப் பற்றியன. ஒரு சிறுவனின் தலைப்பாகை, ஒரு சிறுமியின் கையிற் கட்டிய கறுப்புப் பட்டை, ஒரு சட்டையின்மேல் எழுதிய நான்கு சொற்கள் ஆகியவையே நீதிமன்றப் படியேறி நின்றன. இஃது இயல்பே. பள்ளிக்கூடத்தில் மாணவன் வாய் திறக்கக் கிடைக்கும் நேரம் சிறிது. உடுத்திருக்கும் நேரமோ முழுநாளும். பள்ளியும் அவனது உடையைக் கண்டே உள்ளத்தை அளக்கப் பழகிவிட்டது. அந்த அளவுகோல் எத்துணைச் செம்மையுடையது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் நம் நாட்டு வழக்கு ஒன்றைக் காண்போம். 1997ஆம் ஆண்டில், நெகிரி செம்பிலான் மாநிலத்துச் செர்த்திங் பெல்டா குடியேற்றத்திலுள்ள தொடக்கப்பள்ளியிலிருந்து மூன்று சிறுவர் நீக்கப்பட்டனர். 'செர்பான்' எனப்படும் தலைப்பாகையைப் பள்ளி நேரத்தில் கழற்ற மறுத்ததே அவர்கள் செய்த குற்றம். நபிகள் நாயகத்தின் வழியைப் பின்பற்றுவதாக அச்சிறுவர்தம் குடும்பத்தார் கூறினர். 1999இல் சிரம்பான் உயர்நீதிமன்றம் சிறுவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2006 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம், நீதிபதி அப்துல் ஹமிட் முகமது எழுதிய தீர்ப்பின்வழி, பள்ளி விதியே செல்லும் என்று முடித்தது. வழக்குத் தொடங்கிய காலத்திற் சிறுவராயிருந்தவர்கள், அது முடியுங்கால் தொடக்கப்பள்ளி வயதைக் கடந்து நெடுநாளாகியிருந்தது.

தீர்ப்பின் போக்கைக் கவனித்தல் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தத்தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை வழங்குகிறது. அவ்வுரிமை மீறப்பட்டதா என்று காண, அவ்வழக்கம் அச்சமயத்தில் எத்துணை இன்றியமையாதது என்பதை நீதிமன்றம் எடைபோட்டது. தலைப்பாகை இன்றியமையாத கடமை அன்று. பள்ளிக்கு வெளியே அதனை அணியத் தடையும் இல்லை. பல்லினச் சமுதாயத்தில் பள்ளி ஒருமைப்பாட்டை வளர்க்கும் இடம். ஆதலின் விதி நியாயமானது என்பது முடிவு. பள்ளி நடத்துவோரின் அனுபவத்திற்கு மதிப்பளித்த இத்தீர்ப்பைத் தலைமையாசிரியர் பலர் வரவேற்றிருப்பர். அதனைக் குறைகூறுவதும் எளிதன்று. சீருடை என்பதன் பொருளே எல்லார்க்கும் ஒன்று என்பதுதானே!

ஆயினும், 'இது சமயத்திற்கு இன்றியமையாததா?' என்னும் வினா பள்ளிக்கு ஏற்ற வினாவன்று. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை ஒருமுறை சுற்றி வருவோர் இதனை எளிதில் உணர்வர். ஜாலான் ஸ்காட்டில் கந்தசுவாமி கோயில். ஜாலான் பெர்ஹாலாவில் பௌத்த மகா விகாரம். சற்று நடந்தால் கத்தோலிக்கத் தேவாலயம். இவ்விடங்களிலிருந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் மணிக்கட்டில் காப்புக்கயிறு இருக்கும். நெற்றியில் திருநீறு இருக்கும். தைப்பூசம் கழிந்த வாரத்தில் தலை மொட்டையாக இருக்கும். காப்புக்கயிறு கட்டாவிடில் ஒருவன் சைவன் ஆகானா என்று எந்தச் சாத்திரத்தைப் புரட்டி எந்த நீதிபதி விடை காண்பார்? இன்றியமையாமையைக் கேட்டால் பெரும்பாலான பக்தி வழக்கங்கள் வாயிலிலேயே விழுந்துவிடும். படித்தோர் சமயம் நிற்கும். பாமரர் சமயம் நில்லாது.

கேரளத்து வழக்கொன்று வேறு வினாவைக் கேட்டது. 1985இல் எக்கோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையுடன் எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986 ஆகஸ்டில் இந்திய உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். அந்நம்பிக்கை நீதிபதிக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறதா என்பது கேள்வியே அன்று. அது மெய்யாகக் கொண்ட நம்பிக்கையா, அதனால் ஒழுங்கு குலைந்ததா என்பனவே கேள்விகள். பாடாத வாயினால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. உள்ளத்தை அளக்க உள்ளத்தையே கேட்ட தீர்ப்பு இது.

சமய நம்பிக்கைக்கு இத்துணை இடம் கேட்போர், அதே அளவுகோலைச் சமயம் விரும்பாத பொருளுக்கும் நீட்டத் துணிவரா? இங்கேதான் சோதனை. தன்பாலீர்ப்பு என்னும் பொருளை நம் பள்ளிகள் எவ்வாறு நடத்தின என்று பார்ப்போம்.

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் எழுதிவந்த 'ஓரினச் சேர்க்கை' என்னும் தொடர் ஒருவனின் இயல்பைக் குறியாது செயலையே குறிக்கிறது. 'இனம்' என்பதோ இந்நாட்டில் முற்றிலும் வேறு பொருளுடையது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 முதல் விசாரித்த வழக்கின் பயனாகத் தமிழக அரசு 2022இல் மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. தமிழுக்கு இது முற்றும் புதிய கவலையும் அன்று. பேடியைக் குறிக்கும் சொல் எத்திணையில் முடியவேண்டும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆராய்ந்து, உயர்திணையில் வைத்தார். அது பால்வேறுபாடு பற்றியது, ஈர்ப்பு பற்றியதன்று என்பது உண்மையே. எனினும் மனிதரை அஃறிணையில் தள்ளலாகாது என்ற எச்சரிக்கை அதில் உண்டு. நம் பள்ளித் திடல்களிலோ 'பொண்டான்' என்ற மலாய்ச் சொல்லும் 'பொட்டை' என்ற தமிழ்ச் சொல்லும் ஒருங்கே உலவுகின்றன. தமிழ்ப்பள்ளியிலிருந்து கிள்ளான் இடைநிலைப் பள்ளியொன்றின் புகுமுக வகுப்பிற்குள் நுழையும் மென்குரல் பையன் இரு மொழியிலும் பட்டம் பெற்றுக்கொள்கிறான்.

2011 ஏப்ரலில் திரெங்கானு மாநிலத்துப் பெசுட்டில், பெண்மை நடையுடையவர் என்று ஆசிரியர்களால் அடையாளம் காட்டப்பட்ட 66 மாணவர் ஒரு முகாமிற்கு அனுப்பப்பட்டனர். 2012 செப்டம்பரில் கல்வித் துணையமைச்சர் தொடங்கிவைத்த பெற்றோர் கருத்தரங்கில், தன்பாலீர்ப்பின் 'அறிகுறிகள்' அடங்கிய வழிகாட்டி வழங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. வி வடிவக் கழுத்துள்ள இறுக்கமான சட்டை, கையில்லாச் சட்டை, பெரிய கைப்பை முதலியன அவ்வறிகுறிகளாம்! நாடெங்கும் நகைப்பு எழவே, அது தனது வெளியீடன்று என்று அமைச்சு விளக்கியது. நகைப்பதோடு நின்றுவிடலாகாது. 1997இல் ஒரு துணி அளவுமீறிய பக்தியின் சான்றாயிற்று. 2012இல் ஒரு சட்டை ஒழுக்கக்கேட்டின் சான்றாயிற்று. இரண்டிடத்தும் பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டே 'அஸ்மாரா சொங்சாங்' என்னும் மலாய் இசைநாடகம் கோலாலம்பூர் இஸ்தானா புடாயாவில் அரங்கேறியது. எழுதி இயக்கியவர் ரஹ்மான் ஆடாம். அரசாங்க ஆதரவு பெற்றது. இளைஞரையும் மாணவரையும் எச்சரிப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகவே கூறப்பட்டது. தன்பாலீர்ப்புடைய நண்பர் சிலர் கேளிக்கையிலும் போதையிலும் திளைக்கின்றனர். சமயப்பற்றுள்ள அயலார் அறிவுரை கூறுகின்றனர். திருந்தியவர் பிழைக்க, திருந்தாதவர் இடிமின்னலில் மாள்கின்றனர்.

நாடகம் என்ற வகையிலேயே இது குறையுடையது. அறம் கூறும் நாடகத்தைத் தமிழர் வெறுப்பவர் அல்லர். தோட்டத்துத் திருவிழாக்களில் விடிய விடிய அரிச்சந்திரன் பார்த்து அழுத மக்கள் நாம். ஆனால் அங்கே வீழ்ச்சியும் மீட்சியும் பாத்திரத்தின் செயலிலிருந்து விளைகின்றன. பாண்டியன் தன் தீர்ப்பின் பிழையைத் தானே உணர்ந்து அரியணையில் வீழ்கிறான். அவனைக் கொல்ல இளங்கோவடிகளுக்கு இடி தேவைப்படவில்லை. பாத்திரம் செய்யும் செயலில் அழிவைக் காட்ட இயலாத ஆசிரியரே வானத்தை அழைக்கிறார். போதைப்பொருளையும் ஈர்ப்பையும் ஒரே மூட்டையிற் கட்டியது அதனினும் பெரிய குறை. இரண்டையும் பிரித்துக் காட்டினால் இடி எதன்மேல் விழுந்தது என்று பார்ப்பவர் கேட்டுவிடுவர் அல்லவா?

கலைக்குறையை விட்டுவிடலாம். அரங்கில் அமர்ந்திருக்கும் மாணவனைப் பற்றியதே வினா. அவன் எழுந்து மறுக்க முடியுமா? மேடைக்கு விடையாக மற்றொரு மேடை உண்டா? பெட்டாலிங் ஜெயாவில் கெராக்புடாயா பதிப்பகம் 2013இல் வெளியிட்ட ஆங்கில நூலொன்று, தன்பாலீர்ப்பு கிறித்தவத்திற்கு முரணன்று என வாதிட்டது. ஆசிரியர் ஙியோ பூன் லின். 2020இல் உள்துறை அமைச்சு அதனைத் தடைசெய்தது. 2022 பிப்ரவரியில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது; ஏழாண்டு விற்பனையிலிருந்த நூலால் பொது ஒழுங்கு குலைந்ததற்குச் சான்று எங்கே என்பது அங்கே எடைபெற்ற கருத்து. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் தடையை மீட்டது. சமய நம்பிக்கையிலிருந்து எழுந்த பேச்சுத்தான் அதுவும். ஆயினும் திசை வேறு. இடி விழும் நாடகத்திற்கு அரங்கு கிடைத்தது. வேதநூலை வேறுவகையில் வாசித்த நூலுக்குத் தடை கிடைத்தது.

சான்று கேட்கும் வழக்கம் நம் நீதிமன்றங்களுக்குப் புதிதன்று. பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் வழக்கில், அரசியற் கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ மாணவர் வெளியிடுவதைத் தடுத்த சட்டப்பிரிவு நியாயமான கட்டுப்பாடன்று என்று 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் இவ்வளவுகோல் முந்தியது. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டை அணிந்த அயோவா மாநில மாணவர் வழக்கில், 1969இல் உச்சநீதிமன்றம் இரு வரம்பு மட்டும் வைத்தது: பள்ளிப்பணி மெய்யாகக் குலைதல், பிற மாணவர் உரிமை கெடுதல்.

இரண்டாம் வரம்பே நம் பொருளுக்கு முதன்மையானது. 2004இல் கலிபோர்னியாவின் போவே நகரில், தன்பாலீர்ப்புடைய மாணவர்க்கு ஆதரவாகத் தோழர்கள் மௌனம் காத்த நாளையொட்டி, ஒரு கிறித்தவ மாணவன் தன்பாலீர்ப்பு வெட்கக்கேடு என்று சட்டையில் எழுதி வந்தான். அதனைத் தடுத்தது சரி என்று 2006இல் மேல்முறையீட்டு மன்றம் கூறியது. 2007இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை, வழக்கு காலங்கடந்தது என்ற காரணத்தால் விலக்கிவைத்தது. இல்லினாய் மாநிலத்தில் வேறொரு மாணவியின் நான்கு சொற் சட்டையை, யாரையும் தனியே சுட்டாத மென்மையான கருத்து என்று 2011இல் வேறொரு மன்றம் அனுமதித்தது. ஒரு சொல் கொள்கையை நோக்குகிறதா, பக்கத்து மேசையிலிருக்கும் பிள்ளையை நோக்குகிறதா என்று பார்ப்பதே இவ்விரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளத்தக்கது. நன்னெறிக் கல்வி வகுப்பில் ஒரு மாணவி, 'என் சமயம் இதனைப் பாவம் என்கிறது' என்று சொல்வாளாயின் அவளை அடக்க ஆசிரியர்க்கு உரிமை இல்லை. அதே மாணவி பின்வரிசைப் பையனைச் சுட்டி 'இவன்' என்பாளாயின், அடக்காமலிருக்க உரிமை இல்லை.

ஆனால் அமெரிக்க அளவுகோலை அப்படியே இறக்குமதி செய்தலும் இயலாது. அங்கே ஒரு சட்டைக்கு மறுநாள் மற்றொரு சட்டை விடை கூறும். இங்கே விடை கூறுபவன் முதலில் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். குற்றவியல் சட்டத்தின் 377ஆ பிரிவு செயலுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. அது இயல்பைத் தண்டிப்பதன்று என்ற நுட்பம் பதினைந்து வயதுப் பையனுக்கு எட்டுமா? 8ஆம் பிரிவில் 2001இல் 'பாலினம்' என்ற சொல் சேர்க்கப்பட்டது. ஈர்ப்பு என்பது அதில் இல்லை. ஒரு பக்கம் மட்டுமே பேசக்கூடிய இடத்தில் பள்ளி தானும் அப்பக்கத்தில் நின்று ஒலிபெருக்கி பிடிக்குமானால், அது பேச்சுரிமை ஆகாது.

செர்த்திங் சிறுவர்க்காக வழக்கு நடத்தக் குடும்பத்தார் இருந்தனர்; கேரளத்துப் பிள்ளைகளுக்காகத் தந்தை உச்சநீதிமன்றம்வரை சென்றார். 18 வயது நிரம்பாதவன் தானே வழக்கிட முடியாது. பெரியவர் ஒருவர் முன்னிற்க வேண்டும். சமயத்தையும் அவ்வயதுவரை பெற்றோரே தீர்மானிப்பர் என்கிறது 12ஆம் பிரிவு. 66 பேரில் ஒருவனாகப் பெயர் எழுதப்பட்ட பையன், வீட்டில் யாரிடம் போய் அதைச் சொல்லியிருப்பான்?