சுவரை யார் தள்ளுவது?

வீட்டுக் கட்டடக் கலை பற்றி இப்போது எழுதப்படுகிறவற்றில் 'நெகிழும் வெளி' என்ற பிரயோகம் ஒரு மந்திரம் மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. பகலில் கூடம், இரவில் படுக்கையறை. சுவர் நகரும், கட்டில் மடியும், மேஜை அலமாரிக்குள் போய்விடும். இதைச் சொல்கிறவர்கள் கூடவே சுதந்திரம் என்ற வார்த்தையையும் சொல்லிவிடுகிறார்கள். சென்ற மாதம் நண்பர் ஒருவருடன் இது பற்றி ஆரம்பித்த பேச்சு சண்டையில் முடிந்தது. கெட்டிச் சுவர் பழைய குடும்பத்தின் அதிகாரம், நகரும் சுவர் நவீன மனிதனின் விடுதலை என்றார் அவர். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

அவர் காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஹாலந்தில், உட்ரெக்ட் நகரத்தில், 1924-ல் கட்டப்பட்ட ஷ்ரோடர் வீடு. கட்டியவர் கெரிட் ரீட்வெல்ட், தச்சர். முழு வீடு ஒன்றை அவர் கட்டியது அதுவே முதல் தடவை. கட்டச் சொன்னவர் ட்ரூஸ் ஷ்ரோடர், 1923-ல் கணவரை இழந்தவர், மூன்று குழந்தைகளின் தாய். ரீட்வெல்ட் சேர்ந்திருந்த டி ஸ்டைல் இயக்கம் 1917-ல் வான் டூஸ்பர்க் ஆரம்பித்த ஒரு சிறுபத்திரிகையிலிருந்து கிளம்பியது. இந்தப் பக்கங்களின் வாசகர்கள் அதைக் கொஞ்சம் கர்வத்தோடு நினைத்துக்கொள்ளலாம்.

நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன். மாடி முழுவதும் மாடிப்படியைச் சுற்றிய ஒரே கூடம். தரையிலும் கூரையிலும் தண்டவாளம். மெல்லிய பலகைத் தடுப்புகளை இழுத்தால் அதே கூடம் பையனுக்கு ஒன்று, இரண்டு பெண்களுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, உட்கார்ந்து பேச ஒன்று என்று பிரிந்துவிடும். மூலை ஜன்னலைத் திறந்தால் சுவர்கள் சந்திக்கிற மூலையே காணாமல் போகும். கீழ்த்தளம் அப்படியல்ல, கெட்டிச் சுவர், வழக்கமான அறைகள். நகராட்சி விதி இப்படிப்பட்ட மாடியை ஒப்புக்கொள்ளாது என்பதால் விண்ணப்ப வரைபடத்தில் மாடியைப் பரண் என்று காட்டினார்கள். வங்கியில் வீட்டுக்கடன் கோப்புகளைப் புரட்டுகிறவன் என்ற முறையில் இந்த விவரம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிளானில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, அங்கே நடக்கிற வாழ்க்கை வேறு என்பது எனக்குத் தினசரி அனுபவம்.

இந்த வீட்டின் புகைப்படத்தைப் பார்க்கிறவர்கள் கான்கிரீட் தகடுகள் அந்தரத்தில் நிற்பதாக நினைக்கிறார்கள். பெரும்பகுதி செங்கல்லும் பூச்சும் மரமும்தான். அஸ்திவாரமும் பால்கனிகளும் மட்டும் கான்கிரீட். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நெகிழ்ச்சி என்பது முதலில் ஒரு தோற்றம், அதைத் தாங்கி நிற்பது அசையாத ஏதோ ஒன்று. சுவர் நகர்கிறது, ஆனால் தண்டவாளம் போட்ட இடத்தில் மட்டும் நகர்கிறது. யாப்பை உதறிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் நம் கவிஞர்களுக்கு இது புரியும். வரியை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம் என்றவன், தனக்குள் ஒரு தண்டவாளம் இல்லையென்றால், எங்கே உடைப்பது என்று தெரியாமல் நிற்கிறான்.

மாடிச் சுவர்கள் வேண்டாம் என்றவர் ட்ரூஸ். ரீட்வெல்ட் முதலில் யோசித்ததில் சுவர்கள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் கட்டடக்காரரின் பெயரை மட்டும் நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். குழந்தை வளர்ப்பில் கணவரோடு ஒத்துப்போகாதவர் அவர். 1921-லேயே கணவர் வீட்டில் தனக்கென்று ஓர் அறையை ரீட்வெல்டைக் கொண்டு மாற்றி அமைத்துக்கொண்டவர். பெரியவர்கள் கலையும் கருத்தும் பேசும்போது குழந்தைகளும் அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஆக, அந்த மாடி ஒரு தாயின் தீர்மானமான அபிப்பிராயம். அறுபது வருஷம், 1985-ல் இறக்கும்வரை, அவர் அதிலேயே வாழ்ந்து காட்டினார். இந்த நேர்மைக்கு முன்னால் என் விமர்சனம் சிறியதுதான். இருந்தாலும் கேட்கிறேன்: அந்த மெல்லிய பலகை பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்குமா? பகலில் பையனுக்குத் தனியாக இருக்கத் தோன்றினால் தடுப்பை இழுத்துக்கொள்வது அவன் உரிமையா, தாயின் கொள்கைக்கு விரோதமா? ஒன்று கவனித்தேன். கீழ்த்தளத்தில் வேலைக்காரிக்கென்று ஓர் அறை வரைபடத்தில் இருக்கிறது. கெட்டிச் சுவர்களுக்குள் தூங்க இடம் ஒதுக்கப்பட்டது அவளுக்குத்தான்.

இன்னொரு முனையில் ஹாங்காங். கேரி சாங் என்ற கட்டடக் கலைஞர் தன் 32 சதுர மீட்டர் குடியிருப்பை 2007-ல் மாற்றியமைத்தார். கூரையில் தொங்கும் சுவர்களை நகர்த்தி 24 விதமாக அந்த இடத்தை ஆக்கலாம். தொலைக்காட்சிச் சுவருக்குப் பின்னால் சமையலறை, குளியல் தொட்டிக்கு மேல் விருந்தாளியின் கட்டில். சாமர்த்தியத்தில் குறைசொல்ல இடமில்லை. இவர் சிறுவனாக வளர்ந்ததும் இதே இடத்தில்தான்: பெற்றோர், மூன்று தங்கைகள், போதாததற்கு ஓர் அறையில் வாடகைக்கு ஒரு பெண். இவர் நடைவழியில் சோபாவில் தூங்கினார். எல்லோரும் போய்த் தனியாளான பிறகுதான் சுவர்கள் நகர ஆரம்பித்தன. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் தூங்க வேண்டியிருந்தால் 24 என்ற எண் என்ன ஆகும் என்று பாருங்கள். நண்பர் சொல்லும் விடுதலைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: வீட்டில் வேறு யாரும் இருக்கக்கூடாது.

இதெல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்ததுதான், பாயைச் சுருட்டினால் கூடம், விரித்தால் படுக்கையறை என்று சொல்லக் கிளம்பும் தேசபக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒண்டுக்குடித்தனத்தில், ஒற்றை அறையில், ஐந்து பேரில் ஒருவனாக வளர்ந்தவன் நான். அம்மாவின் பழைய புடவைதான் எங்கள் நகரும் சுவர். அக்கா உடை மாற்ற நாங்கள் வெளியே போய் நிற்போம். நான் பரீட்சைக்குப் படிக்க எல்லோரும் விளக்கு வெளிச்சத்தில் தூங்க முயல்வார்கள். அறை ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை மாறியது. கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் அழும் வசதி மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. அதற்கு நெகிழ்ச்சி என்று பெயர் வைத்தால் அக்கா சிரிப்பாள்.

ஆகவே என் அளவுகோல் இது. ஒரு சுவர் நகருமா என்பதைவிட, மூடிய சுவரை இன்னொருவர் வந்து திறக்காமல் இருப்பாரா என்பதே கேள்வி. திறப்பதற்கு எந்திரம் போதும். மூடியதை மதிக்க, வீட்டில் உள்ளவர்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் வேண்டும். அதை எந்தத் தச்சரும் செய்துதர முடியாது. ட்ரூஸ் தன் வீட்டில் அதற்காவது முயன்றார் என்று நினைக்கிறேன். பலகைகளை அடியோடு நீக்கிவிடாமல் தண்டவாளத்தில் வைத்துக்கொண்டதே அதற்குச் சாட்சி.

1960-களில் அந்த வீட்டருகே நெடுஞ்சாலை வந்தது. மூலை ஜன்னல் திறந்த திசையில் வயல்வெளிக்குப் பதில் வாகனங்கள். இனி இந்த வீட்டை இடித்துவிடலாம் என்று ரீட்வெல்டே நினைத்தார். இடிக்கவில்லை. 1987 முதல் அது அருங்காட்சியகம். பார்க்க வருகிறவர்களுக்குத் தடுப்புகளை இழுத்து மூடி, திறந்து காட்டுகிறார்கள். பொறி இன்னும் சரியாக வேலை செய்கிறது. மூடிக்கொள்ள வேண்டிய அவசியம் உள்ளவர் யாரும் உள்ளே இல்லை.