கோல் இல்லாத கான்செர்ட்டோ

மோட்ஸார்ட்டின் 20-ஆம் பியானோ கான்செர்ட்டோ 1785 பிப்ரவரி 11 அன்று வியன்னாவின் மேல்க்ரூபே மண்டபத்தில் அரங்கேறியபோது மேடையில் தனியாக ஒரு நடத்துனர் இல்லை. கச்சேரி நாளன்றும் படியெடுப்பவர் எழுதிக்கொண்டிருந்ததால், கடைசிப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கக்கூட மகனுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று தந்தை லியோபோல்ட் தம் மகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பியானோ வாசிப்பவரே இசைக்குழுவையும் கொண்டுசெலுத்துவது அன்றைய வழக்கம். அடுத்த நூற்றாண்டில் நடத்துனர் என்ற தொழில் தழைத்தபோது அந்த வழக்கம் மங்கிப்போயிற்று. இசைத்தட்டுக் காலத்தில்தான் அதற்கு மறுபடி உயிர் வந்தது.

அதில் முதலில் வணங்க வேண்டியவர் எட்வின் ஃபிஷர். 1930-களில் தமக்கென ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு பாக், மோட்ஸார்ட் கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்தார். 1933-இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக்குடன் 20-ஆம் கான்செர்ட்டோவையும் வாசித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே கான்செர்ட்டோவை ப்ரூனோ வால்ட்டர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் வாசித்துப் பதிவு செய்தார். பின்னால் கிளைத்த இரண்டு பாணிகளும் இந்த இரண்டு தட்டுகளிலேயே இருக்கின்றன. ஃபிஷரிடம் வயலின்கள் பியானோவின் மூச்சைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. வால்ட்டர் பிறவி நடத்துனர். பியானோ அவருக்குக் குழுவின் இன்னொரு வாத்தியம்.

இந்தப் பதிவுகளை எடைபோட மேடையில் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பியானோவின் மூடியைக் கழற்றிவிட்டு, வாசிப்பவர் சபைக்கு முதுகு காட்டி உட்காருவார். பியானோவின் வால் குழுவுக்குள் நீண்டிருக்கும். குழு மட்டும் வாசிக்கும் தொடக்கப் பகுதியில் சிரமம் இல்லை, இரண்டு கையும் சும்மாதான் இருக்கும், வீசலாம். சங்கடம் நடுவில் வருகிறது. இரண்டு கையும் ஓட்டத்தில் இருக்கும்போது ஓபோவும் பஸூனும் உள்ளே வர வேண்டும். அப்போது மிஞ்சுவது தலையசைப்பும் பார்வையும் மூச்சும்தான். பெரும்பாலான நேரம் குழுவைப் பிடித்துவைப்பவர் முதல் வயலின்காரர். உறையில் அவர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருப்பது இந்த மரபின் பெரிய அநியாயம்.

கெஸா ஆண்டா 1961 முதல் 1969 வரை ஸால்ஸ்பர்க் மோட்ஸார்ட்டேயும் குழுவுடன் கான்செர்ட்டோக்கள் முழுவதையும் பதிவு செய்து முடித்தார். அதிலுள்ள 21-ஆம் கான்செர்ட்டோவின் மெதுவான பகுதி, 1967-இல் வந்த 'எல்விரா மாடிகன்' என்ற ஸ்வீடன் படத்தின் வழியே சங்கீதம் கேளாதவர்கள் வீட்டுக்குள்ளும் புகுந்தது. அந்தப் புகழ் மற்ற தட்டுகளை மறைத்துவிட்டது. ஆண்டாவின் நிதானமும் தெளிவும் இன்றும் ஒரு நல்ல அளவுகோல்.

இங்கிலிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஒரே குழு, சில ஆண்டு இடைவெளியில் இரண்டு பேருடன் இந்தத் தொகுதி முழுவதையும் வாசித்தது. 1967-இல் தொடங்கிய டேனியல் பாரன்பாய்முடன் அது சிம்ஃபனி போல ஒலிக்கிறது. பாஸ் பகுதி கனமாக இறங்குகிறது, உச்சங்கள் பெரிதாக எழுகின்றன. 1970-களின் நடுவில் தொடங்கிய மரே பெராயாவிடம் அதே குழு நாலைந்து பேர் கூடிப் பேசுகிற மாதிரி மாறிவிடுகிறது. 22-ஆம் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காற்று வாத்தியங்களுக்கென்றே ஓர் இடம் உண்டு. புல்லாங்குழலும் பஸூனும் மாறி மாறிப் பாடும் இடமும் உண்டு. அவை முடிந்து திரும்பி வரும் பெராயாவின் பியானோ, இதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர் பேசத் தொடங்குவது போல வருகிறது. நடத்துனர் இல்லாததன் லாபம் எது என்று யாராவது கேட்டால் இந்த ஓரிடத்தைக் காட்டலாம். பாரன்பாய்ம் பிற்பாடு பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் மறுபடி பதிவு செய்தார். பளபளப்பு கூடியிருக்கிறது, எனக்குப் பழைய தொகுதியே போதும்.

பழங்கால வாத்தியக்காரர்களின் பாணி வேறு. 1990-91-இல் யோஸ் ஃபான் இம்மர்ஸீல் ஃபோர்ட்டேபியானோவில் அமர்ந்து, தம் அனிமா எட்டர்னா குழுவுடன் தொகுதியை முடித்தார். குழு தனியாக வாசிக்கும் இடங்களிலும் கீபோர்டு செலோக்களோடு சேர்ந்து அடிக்குரலை வாசிக்க வேண்டும் என்பது மோட்ஸார்ட்டின் கைப்பிரதியிலேயே தெரிகிறது. இன்றைய பெரிய பியானோவில் அப்படிச் செய்தால் கூழாகிவிடும், ஃபோர்ட்டேபியானோவில் அது உப்புப் போல் கரைகிறது. வேடிக்கை என்னவென்றால், பழைய முறைக்கு வழிவகுத்த மால்கம் பில்ஸனின் 1980-களின் தொகுதிக்கு ஜான் எலியட் கார்டினர் என்ற நடத்துனர் இருந்தார்.

தனி நடத்துனரோடும் இல்லாமலும் ஒரே கலைஞரைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு மிட்சுகோ உச்சிடா இருக்கிறார். முதலில் ஜெஃப்ரி டேட் நடத்த வாசித்தவர், பின்னர் க்ளீவ்லாண்ட் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாமே நடத்தினார். முந்தையது வழுவழுப்பானது. பிந்தையதில் 24-ஆம் கான்செர்ட்டோ சில இடங்களில் விளிம்பில் நின்று ஆடுகிறது. நான் எடுத்துக் கேட்பது அதைத்தான்.

மோட்ஸார்ட்டைத் தாண்டினால் நிலம் கரடுமுரடு. பீத்தோவன் கான்செர்ட்டோக்களைப் பெர்ன்ஸ்டைனோடு பதிவு செய்துவந்த க்ரிஸ்டியன் ஸிமர்மன், அவர் 1990-இல் மறைந்ததும் மீதியிருந்த முதல் இரண்டையும் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் தாமே நடத்தி முடித்தார். 1999-இல் ஷோப்பானின் இரண்டு கான்செர்ட்டோக்களுக்காக ஒரு போலந்துக் குழுவையே திரட்டினார். ஷோப்பானின் ஆர்க்கெஸ்ட்ரா பகுதி வெறும் சட்டம் என்று சொல்லிவந்தவர்கள் வாயடைத்துப் போகும்படி ஒவ்வொரு வயலின் வரியும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இழுத்து இழுத்துச் செதுக்கியதில், முதல் பகுதியின் தொடக்கத்திலேயே சில நிமிஷங்கள் நகர மறுக்கின்றன. கோல் ஏந்திய ஒருவர் எதிரே நின்றிருந்தால், பாதி வழியிலேயே கொஞ்சம் முன்னே தள்ளியிருப்பார்.